எங்கள் தெருவின் மேல் திருவாதிரை

நெய்வேலி டவுன்ஷிப்பில் தெருவிளக்குப் பராமரிப்பதுதான் எனக்கு வேலை. பகலில் கம்பத்தில் ஏறி எரியாத விளக்கை எரிய வைப்பேன். பொழுது சாய்ந்ததும் அதே விளக்குகளைத் திட்டிக்கொண்டு, கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, இருட்டு எங்கே கிடைக்கும் என்று வண்டியில் அலைவேன். நட்சத்திரங்களைப் படம் எடுப்பது என் பழக்கம். வானத்தில் வெளிச்சம் கூடிப்போய்விட்டது என்று நான் ஒருமுறை செக்‌ஷனில் புலம்பியபோது, கூட வேலை பார்ப்பவர், "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையா இருக்குண்ணே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் சொன்னதில் தப்பில்லை.

ஆனால் எனக்கு வானத்தின் மேல் பெரிய காதல் ஒன்றும் இருந்ததில்லை. கேமரா வாங்கியதே என் மனைவிக்காகத்தான்.

பல வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பர் கடைசியில் புயல் ஒன்று எங்கள் மேல் ஏறிப் போனது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. கம்பங்கள் முழங்காலில் மடங்கிக் கிடந்தன. ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற ஊரில் கரண்ட் இல்லை. நாள் முழுக்க மரம் வெட்டி, கம்பி இழுத்து, உடம்பெல்லாம் சேறாக நான் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பியபோது, சாப்பாட்டு நேரத்தில் தெருவே வாசலில் நின்றுகொண்டிருந்தது. எல்லோருடைய முகமும் மேலே பார்த்தபடி இருந்தது. மழை கழுவிவிட்ட வானம், கீழே ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. எதிர் வீட்டுக்காரர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். "என்னங்க இது, வாரிக் கொட்டி வச்ச மாதிரி இருக்குது" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நிலக்கரி மைன்ஸ் வெளிச்சத்தில் ஆரஞ்சு நிறமாகவே இருக்கும் வானத்தைப் பார்த்துப் பழகிய எங்களில் பாதிப் பேருக்கு அதுதான் முதல் வானம்.

என் மனைவி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எல்லாரும் எத பாத்துக்கினு இருக்காங்க?" என்று கேட்டாள்.

"நட்சத்திரத்தத்தான்."

"எங்க?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கேலி செய்கிறாள் என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எல்லோரும் சிரிப்பதைக் கேட்டு அவளும் சிரித்தாள். வீட்டுக்குள் வந்து மெழுகுவத்தி ஏற்றிய பிறகுதான் சொன்னாள்.

"நெசமாவே ஒண்ணும் தெரியலீங்க."

"ஒண்ணுமேவா?"

"இருட்டுல யாருக்கு என்னாங்க தெரியும்? இருட்டுன்னா இருட்டுதானே?"

அவளுடைய அப்பா குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து மைன்ஸ் வேலைக்கு வந்தவர். அவள் பிறந்தது டவுன்ஷிப்பில், வளர்ந்தது ஒரு குவார்ட்டர்ஸில், வாழ்க்கைப்பட்டது இன்னொரு குவார்ட்டர்ஸில். தெருவிளக்கு அணையாத ஊரில் பிறந்தவளுக்கு மாலைக்கண் இருப்பது எப்படித் தெரியும்? வேறு ஊரில் பிறந்திருந்தால் சின்ன வயதிலேயே வரப்பில் தடுக்கி விழுந்திருப்பாள், வீட்டில் கண்டுபிடித்திருப்பார்கள். இங்கே விளக்கு அவளைக் காப்பாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. இருட்டில் மற்றவர்களுக்கும் எதுவும் தெரியாது என்றே அவள் இத்தனை வருடமும் நினைத்திருக்கிறாள். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி உச்சியில் எரியும் சிவப்பு விளக்கைக் காட்டி, "அதான் செவ்வாய்னு நெனச்சுக்கினு இருந்தேன்" என்று அவள் பிறகொரு நாள் சொன்னபோது, நான் பாதிச் சிரிப்பில் நிறுத்திக்கொண்டேன்.

பாண்டிச்சேரியில் கண் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, அவளுடைய அப்பாவும் அம்மாவும் சொந்தமா என்பது. சொந்தம்தான். அவளுடைய அப்பா தன் அக்கா மகளையே கட்டியவர். டாக்டர் தலையாட்டினார். முதலில் ராத்திரிப் பார்வை போகும், பிறகு பக்கவாட்டில் போகும், கடைசியில் ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போலச் சுருங்கும், அந்தக் குழாயும் மெல்ல மெல்ல அடையும் என்றார். மருந்து கிடையாது. எப்போது அடையும் என்றும் சொல்ல முடியாது. எங்களுக்குப் பிள்ளை இல்லை என்று தெரிந்ததும் அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் கடலூர் தாண்டியதும் சொன்னாள்.

"எனக்குத் திருவாதிரை. பொறந்ததுலேர்ந்து அர்ச்சனைக்கு ஐயர்கிட்ட சொல்லிக்கினே இருக்கேன். அது எப்படி இருக்கும்னு தெரியாதே. அன்னைக்கித் தெருவுல எல்லாரும் பாத்தாங்களே, அதுல அது இருந்துச்சா?"

இருந்தது. கிழக்கே, தெரு முடியும் இடத்துக்கு மேலே, மற்றதைவிடச் சிவப்பாக.

"அத நான் பாக்கணும்ங்க. அன்னைக்கி நம்ம தெருவுல நின்னு எல்லாரும் பாத்தாங்களே, அதே மாதிரி."

பகல் வெளிச்சத்தில் அவளுக்குப் பார்வை நன்றாகவே இருந்தது. வெளிச்சமான திரையில் வைத்தால் எதையும் பார்ப்பாள். கண்ணுக்குள் வராத நட்சத்திரத்தைக் கேமராவுக்குள் வரவழைத்து அவளுக்குக் காட்டிவிட வேண்டும், குழாய் அடைவதற்குள். அதற்காகத்தான் கேமரா.

முதலில் எடுத்த படங்களைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. வானம் பருப்பு ரசம் மாதிரி வந்தது. சோடியம் விளக்கின் மஞ்சளும் மைன்ஸ் பக்கத்து வெளிச்சமும் சேர்ந்து எல்லாவற்றையும் மூழ்கடித்திருந்தன. கேமராவின் ஒளி உணரும் திறனை ஏற்றினால் படம் முழுக்க ரவை கொட்டினதுபோல் புள்ளிகள் வந்தன. இரைச்சல் என்கிறார்கள் அதை. எது நட்சத்திரம், எது இரைச்சல் என்று எனக்கே தெரியவில்லை. போனில் ஏற்றி வைத்திருந்த அந்தப் படத்தை அவள் ஆசையாக வாங்கிப் பார்த்தாள். "இது மாதிரிதாங்க எனக்கு. கண்ண மூடினாலும் இப்படித்தான் மின்னிக்கினு இருக்கும்" என்றாள். நான் போனை அவள் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டேன்.

போனில் வீடியோ பார்த்துத்தான் கற்றேன். ஒரே படத்தை நம்பக் கூடாது. ஒரே இடத்தை நூற்றுக்கணக்கில் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். நட்சத்திரம் எல்லாப் படத்திலும் இருக்கும், அது நிலைக்கும். இரைச்சல் ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் இடத்தில் இருக்கும், அது கரைந்துவிடும். எப்போதாவது குறுக்கே போகிற விமானமோ மின்மினியோ ஏதோ ஒரு படத்தில் மட்டும் வரும், அதைக் கம்ப்யூட்டரே பிழை என்று தூக்கிப் போட்டுவிடும். பிறகு கேமராவுக்கு மூடி போட்டும் சில படங்கள் எடுக்க வேண்டும். கேமராவுக்குள்ளேயே ஒரு கோளாறு இருக்கும், அந்தக் கறுப்புப் படத்தில் அது மட்டும் தனியாகத் தெரியும், நட்சத்திரப் படத்திலிருந்து அதைக் கழித்துவிடலாம்.

"மூடி போட்டு எதுக்குங்க படம்?" என்று அவள் கேட்டாள். சொன்னேன்.

"எனக்கும் அப்படி ஒண்ணு எடுத்துக் கழிச்சு வுடுங்களேன்" என்றாள்.

விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் மூடியை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தேன்.

சோடியம் மஞ்சளை மட்டும் வடிகட்டுகிற கண்ணாடி ஒன்று கிடைக்கும். அதை வாங்கி மாட்டிக்கொண்டு குறிஞ்சிப்பாடிக்கு அப்பால் அவளுடைய மாமன் வயலுக்குப் போனேன். அறுப்பு முடிந்த வயல். அங்கே எனக்குப் படம் வர ஆரம்பித்தது. வேட்டைக்காரன் என்கிற நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்புக்குக் கீழே ரோஜா நிறத்தில் புகை மாதிரி ஒன்று, கார்த்திகைக் கூட்டத்தைச் சுற்றி நீலத் திரை, இன்னும் எவ்வளவோ தூரத்து ஒளிகள். செக்‌ஷனில் காட்டினால் வாயைப் பிளந்தார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை. அவளிடம் கொண்டுவந்து காட்டினால் ஒவ்வொன்றையும் பொறுமையாகப் பார்ப்பாள். "நல்லாத்தான் இருக்கு" என்பாள். பிறகு, "ஆனா இது நம்ம தெரு இல்லியே" என்பாள்.

ஒருமுறை வயலில் எடுத்த வானத்தையும் தெருவில் எடுத்த தரையையும் கம்ப்யூட்டரில் சேர்த்து, பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நம்ப முடியாத அளவுக்கு நன்றாக வந்திருந்தது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது ஒரே நாள்ல எடுத்ததா?" என்று கேட்டாள். அவளிடம் எனக்குப் பொய் வராது. இல்லை என்றேன். "ஒட்டுப் போட்டதா" என்று சொல்லிவிட்டு, கோபமே இல்லாமல், படத்தை மடியிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தாள். அதை அவள் பிறகு எடுக்கவில்லை.

திருவாதிரை நாளிலேயே எடுத்துவிடலாம் என்று அவளுக்கு ஓர் ஆசை. அது நடக்காது என்று புரிய வைக்க எனக்கு ஒரு பாடு ஆயிற்று. திருவாதிரை நாள் என்றாலே நிலா அந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிற நாள். மார்கழியில் முழு நிலாவாக நிற்கும். ஊரெல்லாம் களி கிண்டி அவள் நட்சத்திரத்தைக் கொண்டாடுகிற அன்றைக்குத்தான் அந்த நட்சத்திரம் சரியாகத் தெரியாது. "வாங்கி வந்த வரம் அப்படி" என்று அவள் அதையும் சிரித்துக் கடந்தாள்.

இதற்கு நடுவில் டவுன்ஷிப்பில் சோடியம் விளக்குகளைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்ட ஆரம்பித்தோம். வெள்ளை வெளேர் என்ற வெளிச்சம். அதில் எல்லா நிறமும் கலந்திருக்கிறது, வடிகட்டும் கண்ணாடி செல்லாக் காசு. அந்த வெளிச்சத்துக்குக் கீழே என் தெருவில் நட்சத்திரம் எடுப்பது இனி நடக்காத காரியம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், எந்தத் தெருவில் முதலில் மாட்டலாம் என்று கேட்டபோது எங்கள் தெருவைச் சொன்னேன். அப்போது அவளுக்குப் பார்வை நன்றாகச் சுருங்கியிருந்தது. பாதி திறந்த கதவில் நெற்றியை இடித்துக்கொள்வாள். தட்டுக்குப் பக்கத்தில் வைத்த தம்ளரைத் தட்டிவிடுவாள். சாயங்காலம் தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலுக்கு மட்டும் தனியாகப் போய் வருவாள், விளக்கிலிருந்து விளக்குக்கு என்று கணக்கு வைத்துக்கொண்டு. அந்தக் கோயிலையும் அவளிடமிருந்து பிடுங்க எனக்கு மனம் இல்லை. என் கையாலேயே எங்கள் வீட்டு வாசல் விளக்கை மாட்டினேன். அன்று சாயங்காலம் அவள் வாசலில் நின்று, "பளிச்சுனு இருக்குங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஒங்க படத்துக்கு இருட்டு வேணும். எனக்கு வெளிச்சம் வேணும். ஒரே வூட்ல ரெண்டையும் வச்சுக்கினு என்னா பண்றது?" என்றாள்.

அதற்கடுத்த தை மாதம், அமாவாசைக்கு முந்தின வெள்ளிக்கிழமை. நான் ஜெனரல் ஷிப்ட் முடித்து வீட்டில் இருந்தேன். அவள் கோயிலுக்குப் போயிருந்தாள். விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம் ஆனதும் எங்கள் பிளாக் மொத்தமும் அணைந்தது. செகண்ட் ஷிப்டில் இருந்தவருக்குப் போன் போட்டேன். பூமிக்குள் போகும் கேபிளில் ஜாயிண்ட் ஒன்று போய்விட்டது, தோண்டிப் பார்க்கவே நேரமாகும் என்றார். நான் வாசலுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தேன். பனி இல்லை, மேகம் இல்லை, நிலா இல்லை. புயல் நாளின் வானம் என்று சொல்ல முடியாது. கிழக்கே அடிவானத்தில் மைன்ஸ் வெளிச்சம் இருந்தது. ஆனால் அதற்கு மேலே, தெரு முடியும் இடத்துக்கு நேர் மேலே, திருவாதிரை சிவப்பாக நின்றது. இத்தனை வருட வேலையில் கேபிள் போனதற்காக நான் சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.

அதற்குள் அவள் போன் வந்தது.

"கரண்ட் போச்சா?"

"ஆமா. அங்கயே இரு, நான் வர்றேன்."

"வராதீங்க. எல்லாம் தெரியுதா?"

"தெரியுது."

"அப்ப படத்த எடுங்க. நான் கோயில்ல ஒக்காந்துக்கினு இருக்கேன். பக்கத்துல ஆளுங்க இருக்காங்க. கரண்ட் வந்ததும் வர்றேன்."

நம்பினேன். கேட்டுக்குப் பக்கத்தில் முக்காலியை வைத்து, தெருவும் வானமும் சேர்ந்து விழுகிற மாதிரி கிழக்கே திருப்பி, கேமராவைத் தானாக எடுத்துக்கொண்டே இருக்கும்படி வைத்தேன். ஒவ்வொரு படமும் திரையில் ஒரு நொடி வந்து மறையும். மேலே நட்சத்திரம், கீழே கறுப்பு. அடுத்ததும் அப்படித்தான்.

தெருவில் ஒரு ஸ்கூட்டர் வந்தது. போச்சு, ஒரு படம் கெட்டது என்று பல்லைக் கடித்தேன். அந்தப் படம் திரையில் வந்தது. ஸ்கூட்டர் வெளிச்சத்தில் தெருவின் ஒரு பக்கம் வெளுத்திருந்தது. பாதித் தெருவில், பலா மரத்தடியில், மரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு என் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

கோயிலில் இல்லை அவள். கோயிலிலிருந்து திரும்பி வரும்போது விளக்கு அணைந்திருக்கிறது. அணைந்த இடத்திலேயே நின்றிருக்கிறாள். ஸ்கூட்டர்காரர் நிறுத்திக் கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல தம்பி, சும்மா நிக்கிறேன், நீங்க போங்க" என்று அனுப்பிவிட்டிருக்கிறாள். கூப்பிடு தூரத்தில் நான் இருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியும். கூப்பிடவில்லை.

ஓடினேன். காலடிச் சத்தத்திலேயே கண்டுகொண்டாள்.

"ஏங்க வந்தீங்க? படம் கெட்டுடப் போவுது."

"அது தானா எடுக்கும். கோயில்ல இருக்கேன்னு ஏன் சொன்ன?"

"தெருவுல நிக்கிறேன்னு சொன்னா வந்துடுவீங்களே."

எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. எது முந்தியது என்று தெரியவில்லை. அவள் கை சில்லென்று இருந்தது. மரத்தை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கி மாதிரி இருக்கா?" என்று கேட்டாள். அன்றைக்கு மாதிரி இல்லை, ஆனால் போதும் என்றேன். அவள் கையைத் தூக்கி, ஒரு விரலை மட்டும் நீட்டி, திருவாதிரைக்கு நேராகப் பிடித்தேன். "இங்கதானா?" என்றாள். விரலை எடுக்காமல் நின்றாள். பிறகு விளக்குகள் வந்தன. அவளே என்னை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

படங்களை அடுக்கிச் சுத்தம் செய்ய எனக்கு வாரக்கணக்கில் ஆனது. மைன்ஸ் வெளிச்சத்தை மெல்ல மெல்லக் குறைத்தேன். இரைச்சல் முழுவதும் கரைந்தது. வானத்துக்கு ஓர் அடுக்கு, தெருவுக்கு ஓர் அடுக்கு. ஆனால் ஒட்டு இல்லை, ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் எடுத்தது. நான் எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம். பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்து, மேஜை விளக்குக்குக் கீழே விரித்தேன்.

அப்போது அவளுக்கு ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத்தான் பார்வை. முகத்தைப் படத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு, மேல் மூலையிலிருந்து வரி வரியாகப் படித்தாள். திருவாதிரையை அவளே கண்டுபிடித்தாள். "இதானே? செவப்பா?" என்றாள். அதிலேயே வெகு நேரம் இருந்தாள். "கண்ணு கெட்ட பெறகு சூரிய நமஸ்காரம்னு சொல்லுவாங்க. நமக்கு நட்சத்திர நமஸ்காரம்" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் பார்த்ததில்லை. இவ்வளவு வருடம் அலைந்தது வீண் போகவில்லை என்று நினைத்தேன்.

பிறகு அவள் கீழே இறங்கினாள். கோயில் முனை, ஒவ்வொரு கேட், ஒவ்வொரு மரம். பலா மரத்துக்கு வந்து நின்றாள்.

"இங்கதானே நின்னேன்?"

"ஆமா."

"காணமே."

ஸ்கூட்டர் வெளிச்சம் ஒரே ஒரு படத்தில்தான் விழுந்தது, ஒரே படத்தில் மட்டும் வருவதைக் கம்ப்யூட்டர் பிழை என்று எடுத்துவிடும், மற்றதிலெல்லாம் மரத்தடி இருட்டு என்று சொன்னேன். விளக்கிச் சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே பிடிக்காமல் போயிற்று.

அவள் முகத்தை மரத்தடியிலிருந்து எடுக்கவில்லை. பிறகு மெதுவாக, "எல்லாப் படத்துலயும் நான் நின்னுக்கினுதாங்க இருந்தேன்" என்றாள்.

அந்தக் கெட்டுப்போன படத்தை நான் அழித்திருக்கவில்லை. தேடி எடுத்து, எதையும் சுத்தம் செய்யாமல், புள்ளியும் வெளுப்புமாக அப்படியே பிரிண்ட் போடக் கொடுத்தேன். கடைக்காரர், "இதையா சார் பெருசா போடணும்? ஒரே நாய்ஸா இருக்கே" என்று இரண்டு முறை கேட்டார். இதைத்தான் என்றேன். அதற்குள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது, ஆஸ்பத்திரி, அலைச்சல் என்று மழைக்காலம் வந்துவிட்டது. ஒரு நாள் காலையில் டீ கொடுக்கும்போது, ஜன்னல் எந்தப் பக்கம் என்று அவள் கேட்டாள். குழாய் முழுதும் அடைந்துவிட்டது என்று அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

பிரிண்டை வாங்கி வந்து நாள் கணக்கில் பீரோவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். காட்டவும் முடியவில்லை, காட்டாமல் இருக்கவும் முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் சொல்லிவிட்டேன். படத்தைக் கொண்டுவரச் சொன்னாள். மடியில் வைத்துக்கொண்டாள். அவள் விரலைப் பிடித்துப் பலா மரத்தடியில் வைத்தேன்.

"இங்க இருக்க."

"மரத்தப் புடிச்சுக்கினா?"

"ஆமா. மஞ்சப் புடவை."

"மொகம் தெரியுதா?"

"தெரியுது."

"எங்க பாத்துக்கினு இருக்கேன்?"

அன்று கேமராவின் சின்னத் திரையில் நான் அதைக் கவனித்திருக்கவில்லை. பெரிய படத்தில்தான் தெரிந்தது. ஸ்கூட்டர் வெளிச்சம் முகத்தில் அடிக்கும்போதும் அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை, எங்கள் வீட்டுப் பக்கமும் பார்க்கவில்லை.

"மேல" என்றேன்.